துண்டு முதல் தொடுதிரை வரை: டிக்கோயாத் தோட்டங்களில் தகவற் கருவிகளும் கல்வியும்

தகவல் தொழினுட்பம் என்னும் தொடர் இன்று கணினியையும் கையடக்கத் தொலைபேசியையும் மாத்திரம் குறிப்பதாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. ஆயினும் செய்தியைப் பதிந்து வைக்கவும், பேணவும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லவும் மனிதன் அமைத்துக் கொண்ட கருவிகள் யாவும் அப்பெயருக்கு உரியனவே. ஏடும் எழுத்தாணியும், பதிவேடும் அஞ்சலும், அச்சுப் பொறியும் வானொலியும் அவ்வக்காலத்தின் தகவல் தொழினுட்பங்களாக விளங்கின. இத்தகைய கருவிகள் கல்விக்குத் துணை செய்கின்றனவா, இடையூறு விளைக்கின்றனவா என்னும் வினா அண்மைக்காலத்தில் நம் பல்கலைக்கழகங்களிலும் பாடசாலைகளிலும் பலவாறு விவாதிக்கப்படுகின்றது. அவ்வினாவுக்குக் கருவியை மட்டும் ஆராய்ந்து விடை காண்பது அரிது. ஒரு சமுதாயத்தினுள் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்த வரலாற்றை நோக்கின் விடை ஓரளவு தெளிவாகும்.

அத்தகைய நோக்குக்கு இலங்கையின் மத்திய மலைநாட்டில் அமைந்த டிக்கோயாப் பகுதி மிகவும் ஏற்றதாகும். அட்டன் நகரை அடுத்து, களனி கங்கையின் தலையாறுகளுள் ஒன்றான கெகெல்கமு ஓயாவின் மேற்பள்ளத்தாக்கில் இப்பகுதி அமைந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்ட நிலம் இது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை நிலமாயிற்று. தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்களே இன்றும் இங்குப் பெரும்பான்மையினராய் வாழ்கின்றனர். இவர்தம் வாழ்விற் புகுந்த தகவற் கருவிகளை வரிசைப்படுத்தி நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. யாரைப் பற்றிப் பதிவு எழுதப்பட்டதோ அவரே அதனை வாசிக்கவும் வினவவும் வல்லவரான போதுதான் கருவி கல்விக்குத் துணையாயிற்று. அவர் வெறுமனே எழுதப்படுபவராகவோ கேட்பவராகவோ நின்ற போதெல்லாம் அக்கருவி அவரை மேலும் கட்டுப்படுத்தவே பயன்பட்டது. இக்கருத்தை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாசிக்க இயலாதவரைப் பற்றிய எழுத்து

தோட்டத் தொழிலாளர் வாழ்வில் எழுத்து முதன்முதலிற் புகுந்தது பாடநூல் வடிவில் அன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு முறை இதற்கு நல்ல சான்றாகும். இலங்கைக்குப் புறப்படும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் சிறு தகர வில்லை ஒன்று வழங்கப்பட்டது. அதில் அவர் செல்லவேண்டிய தோட்டப் பகுதியைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. அதனைக் கயிற்றிற் கோத்து அணிந்துகொண்டவர், தாம் எங்குச் செல்கின்றோம் என்பதைச் சொல்லத் தெரியாதிருப்பினும், கப்பலிலும் புகையிரதத்திலும் ஏற்றப்பட்டு உரிய தோட்டத்தைச் சென்றடைந்தார். செய்தித் தொடர்பு என்னும் வகையில் அது குறைபாடற்ற ஓர் ஏற்பாடே. எனினும் அச்செய்தியை அறிந்துகொள்ள முடியாதிருந்த ஒரே ஆள் அதனைச் சுமந்தவரே.

துண்டு முறையும் இத்தகையதே. தொழிலாளியோ கங்காணியின் கூட்டமோ ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கலாம் எனத் துரை எழுதித்தரும் சீட்டு வேண்டும். அதுவே துண்டு எனப்பட்டது. கடன் எவ்வாறு ஏற்பட்டது, எவ்வளவு அடைபட்டது, எவ்வளவு எஞ்சியது என்பன கங்காணியின் கணக்கிலும் துரையின் சீட்டிலும் இருந்தன. கடனாளிக்கோ அவை காகிதத்தின் மீது கண்ட மைக்கோடுகளே. பல தோட்டங்கள் ஊடாகக் கைமாறிய துண்டுகளின் வழியே கடன் வளர்ந்ததேயன்றித் தேய்ந்ததில்லை. பலத்த கண்டனங்களின் பின் 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அன்றாட வாழ்வில் இவற்றினும் நெருக்கமாக நின்றது செக்ரோல் எனப்படும் பெயர்ப் பதிவேடு. விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணப்பட்டு, மாலையிற் கொழுந்து நிறுக்கப்பட்டு, பெயர் விழுந்ததா, அரைப்பெயர் விழுந்ததா என்பது அதிற் குறிக்கப்பட்டது. கணக்குப்பிள்ளை உரத்துச் சொன்ன எடையே எடை. கூடைக்கும் ஈரத்துக்கும் அவர் கழித்ததே கழிவு. ஏட்டைப் பார்த்து வினவக்கூடிய கல்வி கொழுந்து பறித்த பெண்ணுக்கு இருக்கவில்லை.

மொழிக் கல்வி ஒரு திசையில் மட்டும் நடந்தது என்பதும் இங்குக் கருதத்தக்கது. புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென ஃபெர்குசன் என்பார் தொகுத்த கையேடு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்தது. அதன் தலைப்பே ‘இங்கே வா’ என்பதாகும். 1915இல் வெல்ஸ் என்பார் எழுதிய ‘கூலித் தமிழ்’ என்னும் நூலும் அவ்வகையினதே. ஏவல் வினைகளால் நிறைந்த இந்நூல்கள் துரைக்குத் தொழிலாளியோடு பேசக் கற்பித்தன. துரையின் ஏட்டைத் தொழிலாளி வாசிக்கக் கற்பிக்கும் நூல் ஒன்று அக்காலத்தில் வேண்டப்படவில்லை.

லயத்துப் பள்ளிக்கூடம்

இவ்வாறு அமைந்த உலகில் எழுத்தறிவு தொழிலாளரின் பிள்ளைகளைச் சென்றடைந்த வழி மிகவும் ஒடுங்கியதாக இருந்தது. 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களிற் சில பள்ளிகளை நடத்தியது. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதைத் துரையின் கடமையாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அக்கடமையை மேலும் வலியுறுத்தியது. ஆயினும் பள்ளியை நடத்தும் பொறுப்பு, பிள்ளையின் உழைப்பால் இலாபமடையும் தோட்டத்திடமே விடப்பட்டது. லயத்து அறையொன்றிலோ தகரக் கொட்டகையிலோ ஐந்து வகுப்புகளும் ஒரே ஆசிரியரின் கீழ் அமர்ந்திருந்தமை பல தோட்டங்களில் நெடுங்காலம் நீடித்த காட்சியாகும்.

1945இல் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது நாட்டின் ஏனைய பகுதிகள் பெற்ற நன்மையைத் தோட்டப் பள்ளிகள் பெறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியமையால், அவர்களது பள்ளிகளுக்காகச் சட்டசபையிற் பேசுவதற்கு உரிய பலமும் குன்றியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியிலிருந்து, அப்பள்ளிகள் அரசாங்கத்தின் பொறுப்புக்குப் படிப்படியாக மாறின. சுவீடன் நாட்டு உதவியால் 1980களிற் கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியர் பயிற்சியும் விரிந்தது. ஜேர்மனிய உதவியுடன் பத்தனையில் 1990களின் தொடக்கத்தில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கென ஆசிரியர்களை உருவாக்கத் தொடங்கியது.

இவ்வாண்டுகளை இங்குக் குறித்தமைக்குக் காரணம் உண்டு. கணினி தோட்டப் பாடசாலையின் வாயிலை வந்தடைந்தபோது, அப்பாடசாலை அரசின் முழுமையான கவனிப்பைப் பெற்று ஒரு தலைமுறை தானும் நிறைவாகக் கழிந்திருக்கவில்லை. கருவியின் வரவை மதிப்பிடுவோர் பலர் இவ்வடிப்படை உண்மையை மறந்துவிடுகின்றனர்.

அச்சும் குரலும்

கல்விக்கூடத்துக்கு வெளியே எழுத்து தொழிலாளரின் கைக்கு மாறிய வரலாறு தனிச் சிறப்புடையது. 1884இல் புகையிரதம் அட்டனை வந்தடைந்ததன் பயனாக அஞ்சற் பைகளும் செய்தித்தாள்களும் மலைக்கு ஏறுவது எளிதாயிற்று. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அட்டன் தொகுதியின் உறுப்பினராக 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானார். வெளியார் தோட்டத்தினுள் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்ட அக்காலத்தில், அவர் புடைவை வியாபாரி போன்று லயங்களுக்குட் சென்றார் என்பது மலையகத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவதாகும்.

எழுத்தறியாத மக்களிடையே அச்சுத்தாள் எவ்வாறு பயன்பட்டிருக்க முடியும் என்னும் ஐயம் எழக்கூடும். அதற்குரிய விடை நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையாரின் பணியிற் கிடைக்கின்றது. தொழிலாளரின் துயரையும் உரிமையையும் அவர் நாட்டார் மெட்டுகளிலும் சிந்துகளிலும் அமைத்துக் கூட்டங்களிற் பாடினார். அப்பாடல்கள் சிறு நூல்களாகவும் அச்சிடப்பெற்றன. அச்சு குரலாயிற்று, குரல் நினைவாயிற்று. லயத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டு, இடையிடையே வினவினர். 1927இல் நிறைவேறிய குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போன்றவற்றைப் பற்றிய செய்தி இவ்வழியிற் பரவியபோது, செக்ரோலில் எழுதப்பட்ட தொகை சரிதானா என வினவுவதற்குத் தொழிலாளிக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஏடு எழுதுவோரின் கையில் மட்டும் இருந்த அறிவு முதன்முறையாக எழுதப்படுவோரின் கைக்கும் வந்தது எனலாம். அக்காலத்திற் பெரும் பணமோ நுட்பமான பொறிகளோ தொழிலாளரிடம் இருக்கவில்லை. அங்கிருந்தவை தாய்மொழியும், உடனிருந்து விளக்கும் ஒருவரும், மறுத்துக் கேட்கும் வாய்ப்புமே. இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்தமையாலேயே அச்சு அங்கே கல்வியாயிற்று.

1930இல் தொடங்கிய வீரகேசரி நாளிதழ் 1960களில் மலையக எழுத்தாளருக்கெனச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியதும், பரிசுக் கதைகள் 1971இல் ‘கதைக் கனிகள்’ என்னும் தொகுப்பாக வெளிவந்ததும் இதே வளர்ச்சியின் அடுத்த படியாகும். வாசிப்பவராக மாறியவர் எழுதுபவராகவும் மாறினார்.

வானொலியும் மின்விளக்கும்

இலங்கையில் வானொலி 1925இல் தொடங்கியதாயினும், லயத்து மக்களை அது சென்றடைந்தது சிறிய மின்கலத்தால் இயங்கும் திரான்சிஸ்டர் பெட்டிகள் மலிந்த பின்னரே. மின்கம்பி இல்லாத வீட்டிலும் அப்பெட்டி பேசியது. மாதக் கட்டணமின்றி, ஒரு வீட்டுப் பெட்டி லயம் முழுவதற்கும் செய்தி சொன்னது. செம்மையான உச்சரிப்பும், செய்தி மொழியும், நாடகமும் பள்ளியை விட்டு விலகியோரையும் எட்டின. ஆயினும் வானொலி பேசுமேயன்றிக் கேட்காது. கேட்டதைப் பற்றி விவாதிக்க வாசிகசாலையோ சங்கமோ இருந்த தோட்டங்களில் அது அறிவை வளர்த்தது; இல்லாத இடங்களிற் பொழுதுபோக்காக அமைந்தது. 1979இலும் 1982இலும் தொடங்கிய தொலைக்காட்சிச் சேவைகளுக்கும் இம்மதிப்பீடு பொருந்தும்.

மின்சாரத்தின் வரலாற்றில் டிக்கோயாவுக்கு ஒரு முரண் நேர்ந்தது. லக்சபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கம் அமைந்தபோது டிக்கோயாப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி நீரின் கீழ் மறைந்தது. இம்மலை நீரிற் பிறந்த மின்சாரம் கொழும்பின் அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் ஒளி தந்தது. ஆனால் அந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த லயங்கள் பலவற்றின் பிள்ளைகள் 20ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகள் வரை மண்ணெண்ணெய் விளக்கிலேயே பாடம் படித்தனர். ஒரு கருவி ஓரிடத்தில் உற்பத்தியாவதாலோ, அவ்வழியே செல்வதாலோ அவ்விடத்தாருக்கு உரியதாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கணினியும் கையடக்கத் தொலைபேசியும்

21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘நெனசல’ என்றும் தமிழில் ‘அறிவகம்’ என்றும் வழங்கிய பொதுக் கணினி நிலையங்களை அரசாங்கம் நாடெங்கும் அமைத்தது. வீட்டிற் கணினி வாங்க இயலாதோரும் பொது இடத்திற் பயில வேண்டும் என்னும் நோக்கம் பாராட்டத்தக்கதே. 2014இல் இத்திட்டம் கேட்ஸ் அறக்கட்டளையின் சர்வதேச விருதையும் பெற்றது. 2008இல் தமிழ் எழுத்துகளைக் கணினியிற் கையாள்வதற்கான இலங்கைத் தர நிர்ணயம் வெளிவந்தமையும் முக்கியமானது. அதற்கு முன் ஓர் எழுத்துருவில் தட்டெழுதியதை மற்றொரு கணினியில் வாசிக்க இயலாத நிலை பரவலாக இருந்தது. ஆங்கிலம் அறியாத மாணவருக்கு இயந்திரத்தின் முதற்கதவே அடைபட்டிருந்தது எனின் மிகையாகாது. இவ்வளவு முயற்சிக்குப் பின்னரும், நகரம், கிராமம், பெருந்தோட்டம் எனப் பிரித்து எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளிற் கணினி அறிவு மிகக் குறைந்த பிரிவாகப் பெருந்தோட்டமே காணப்பட்டு வந்துள்ளது.

இவ்வேற்றத்தாழ்வின் முழுப்பொருள் 2020இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்திற் கொரோனாப் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பின் இடையிடையே திறந்தும் மூடியும், 2021ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி வரை கல்வி தடுமாறியது. பாடங்கள் கையடக்கத் தொலைபேசி வழியாக நடத்தப்பட்டன. 2020இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தாலும் 17,500 ரூபாவே அடிப்படை வருமானமாகும். எளிய தொடுதிரைத் தொலைபேசி ஒன்றின் விலை அதிற் பெரும்பங்கை விழுங்கிவிடும். குடும்பத்தில் ஒரு தொலைபேசி இருப்பினும், அது கொழும்பில் வேலை செய்யும் தந்தையிடம் இருக்கலாம். வீட்டில் இருப்பின் மூன்று பிள்ளைகளுக்கும் அது ஒன்றே. மலைமடிப்புகளுக்கிடையே அலைவரிசை எட்டாத லயங்களின் பிள்ளைகள் மேட்டைத் தேடி ஏறினர். 2022இற் பொருளாதார நெருக்கடி வந்தபோது மின்வெட்டும் எரிபொருட் பற்றாக்குறையும் மீண்டும் கல்வியைக் குலைத்தன.

கருவி கைக்கு எட்டிய இடத்திலும் கற்பித்தல் எவ்வாறு நடந்தது என்பது நோக்கத்தக்கது. பலவேளைகளில் ஆசிரியர் எழுதிய குறிப்பின் நிழற்படம் தொலைபேசிக்கு வந்தது. மாணவர் அதனைக் கொப்பியிற் பார்த்தெழுதினர். எழுதியதைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினர். மிகப் புதிய கருவி மிகப் பழைய கற்பித்தல் முறையைச் சுமந்து வந்தது. விளங்காததை வினவுவதற்கு அங்கே இடம் மிகக் குறைவு. இதற்கு ஆசிரியர்களைக் குறை கூறுதல் நீதியன்று. அவர்களுட் பலர் தமது சொந்தச் செலவிலும், வினாத்தாள்களை லயங்களுக்கு நேரே கொண்டு சென்றும் உழைத்தனர். அவ்வாறு கொண்டு செல்லப்பட்ட காகிதத்துடன் ஆசிரியர் என்னும் ஆளும் சென்றார் என்பதே அதன் சிறப்பு.

இன்று செயற்கை நுண்ணறிவு எனப்படும் பொறி கேட்டவுடன் கட்டுரையே எழுதித் தருகின்றது. வினவத் தெரிந்தவருக்கு அது ஓயாத உதவியாளன் ஆகலாம். வினவப் பழகாத மாணவருக்கோ, விளங்காத விடையைப் பெற்று அப்படியே ஒப்படைக்கும் பழக்கத்தை அது வளர்க்கும். தான் சுமக்கும் எழுத்தின் பொருளைத் தான் அறியாதிருத்தல் என்பது தகரச் சீட்டுக் காலத்து நிலையேயன்றி முன்னேற்றம் ஆகாது.

வாசிக்கும் உரிமை

இதுகாறும் கூறியவற்றாற் கருவிகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பது கருத்தன்று. இவ்வரலாறு அதற்கு மாறானதையும் காட்டுகின்றது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பல்லாயிரக்கணக்கில் மின்வடிவிற் பேணி இலவசமாக வழங்கி வருகின்றது. மலையக இலக்கியத்தின் அரிய வெளியீடுகள் பலவும் அவற்றுள் அடங்கும். பேராதனைக்கோ கொழும்புக்கோ சென்று தேடவேண்டியிருந்த ஆவணத்தை டிக்கோயாத் தோட்டத்து மாணவி தன் இல்லத்திலிருந்தே வாசிக்க முடிகின்றது. தன் முன்னோரைப் பற்றிப் பிறர் எழுதியதையும், அம்முன்னோர் தாமே எழுதியதையும் அவள் ஒப்புநோக்கலாம். இத்தகைய வாய்ப்பு முன்னைய தலைமுறை எதற்கும் கிட்டியதில்லை.

தோட்டத்திலும் பதிவுக் கருவிகள் மாறி வருகின்றன. கொழுந்தை நிறுக்க மின்னணுத் தராசுகள் சில தோட்டங்களிற் புகுந்துள்ளன. சம்பளத் துண்டிற் சேமலாப நிதியும், முற்பணமும், சங்கச் சந்தாவும் பிற கழிவுகளும் வரிசையாக அச்சாகின்றன. துண்டு என்னும் அதே சொல் இன்னும் வழங்குகின்றமை கவனிக்கத்தக்கது. அத்துண்டைத் தாய் மகளிடம் கொடுக்க, மகள் ஒவ்வோர் எண்ணையும் வாசித்து விளக்குவாளாயின், நூறாண்டுகளாக ஒரு பக்கமே நின்ற அறிவு மறுபக்கமும் வந்துவிட்டது என்று கொள்ளலாம். இல்லையெனின் தராசு மட்டுமே மாறியது. எடை சொல்லும் அதிகாரம் மாறவில்லை.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. கருவியைத் தனி வீட்டின் கொள்வனவு ஆற்றலுக்கு விட்டுவிடாது, பாடசாலையிலும் தோட்டத்துப் பொது மண்டபத்திலும் பொதுவுடைமையாக வைத்தல் வேண்டும். அலைவரிசை எட்டாத இடத்திலும் பயன்படுமாறு பாடங்களைச் சேமித்து வழங்குதல் வேண்டும். தமிழில், மலையக வாழ்வை அறிந்து எழுதப்பட்ட பாடப்பொருள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியின் அருகில் வினாவுக்குச் செவிசாய்க்கும் ஆசிரியர் ஒருவர் இருத்தல் வேண்டும். முதல் மூன்றுக்கும் அரசும் தோட்ட நிருவாகமும் பொறுப்பேற்க வேண்டும் எனக் கோருவது நியாயமே. எனினும் பாடப்பொருளை ஆக்குவதும், விடுமுறைக் காலத்தில் மாலை வகுப்புகளில் மாணவரோடு அமர்வதும் பல்கலைக்கழகத்தில் உள்ள நம்மாற் செய்ய இயலாதன அல்ல. எழுத்தறிந்த ஒருவர் எழுத்தறியாத பலரோடு ஒரு பத்திரிகையைச் சூழ்ந்து அமர்ந்தமையால் இம்மலைகளில் ஒரு சமுதாயம் விழிப்புற்றது. இன்று அப்பத்திரிகையின் இடத்தைத் தொடுதிரை பெற்றுள்ளது. அதனருகில் யார் சென்று அமர்வார் என்பதே இன்னும் விடை வேண்டி நிற்கும் வினாவாகும்.